பொத்தான் ஏன் சாப்பிடவில்லை?

பொத்தானை வாங்கியபோது அவன் ஒரு கோட்டுப் பொத்தான் அளவுதான் இருந்தான். அதனால்தான் அந்தப் பெயர். நான்கு வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டான். "இனிமே இவனுக்குத் தட்டுன்னு பேர் வெச்சிடலாமா?" என்று அப்பா கேட்டுப் பார்த்தார். தன் ஆமையை யாராவது தட்டு என்று கூப்பிடுவார்களா? நான் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டுப் பின்னறையில், சுவரை ஒட்டி ஒரு பெரிய நீலத் தொட்டி. தொட்டியில் பாதி அளவுக்குத் தண்ணீர். சுவர்ப் பக்க மூலையில் நான்கு செங்கல்களை அடுக்கி ஒரு மேடை கட்டியிருந்தேன். தினமும் காலையில் நான் ஷூ மாட்டும் நேரத்துக்குச் சரியாகப் பொத்தான் அதன் மேல் ஏறுவான். நான்கு காலையும் நீட்டிப் போட்டுக்கொண்டு, கழுத்தை எக்கி என்னைப் பார்ப்பான்.

"போயிட்டு வரேன்டா," என்பேன்.

கண்ணை ஒரு முறை மூடித் திறப்பான். என் வகுப்பில் ஒருத்தியை அவளுடைய நாய் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புமாம். அவள் பீற்றிக்கொள்ளும்போதெல்லாம் நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். "எங்க பொத்தான் செங்கல் மேல ஏறி நின்னு வழியனுப்புவான், தெரியுமா?" என்பேன்.

பிறகு என் தம்பி தவழ ஆரம்பித்தான்.

அவனுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். பத்து மாதம்தான் ஆகிறது. ஆனால் தவழ ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை. எங்கே விட்டாலும் நேராகப் பின்னறைக்குத்தான் போவான். ஒருநாள் தொட்டியில் இரண்டு கையையும் முக்கி, அப்படியே வாயில் வைத்துக்கொண்டான். நான் கத்துவதற்குள் சப்பியே முடித்துவிட்டான்.

மூன்று நாள் அவனுக்கு வயிறு சரியில்லை. குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

"வீட்ல ஏதாவது வளக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமை," என்றேன் பெருமையாக. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு ஆயிரம் தடவை நினைத்தேன்.

"ஆமை மேல சில கிருமி இருக்கும்மா. அது ஆமைக்கு ஒண்ணும் பண்ணாது. உன்னை மாதிரி கையைச் சோப்புப் போட்டுக் கழுவுற பிள்ளைங்களுக்கும் அவ்வளவாப் பயமில்ல. ஆனா கையை வாயில வெக்கற குழந்தைக்கு ஆகாது. கொஞ்ச வருஷத்துக்கு ஆமை வேற வீட்ல இருக்கறதுதான் நல்லது."

நான் விடவில்லை. பின்னறைக் கதவைச் சாத்தி வைக்கலாம் என்றேன். வாண்டு தலையாலேயே முட்டிக் கதவைத் திறந்து காட்டினான். தொட்டியை உயரத்தில் வைக்கலாம் என்றேன். அந்தத் தண்ணீர்த் தொட்டியைத் தூக்க நான்கு ஆள் வேண்டும் என்றார் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். எதை எவ்வளவு உயரம் தூக்கலாம் என்பது அவருக்குத் தெரியும்.

அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"இதுல உன் மேலயும் தப்பில்ல. பொத்தான் மேலயும் தப்பில்ல. வாண்டு மேலயும் தப்பில்ல."

"அப்போ யார் மேலம்மா தப்பு?"

"யார் மேலயும் இல்ல."

"யார் மேலயும் தப்பில்லன்னா எனக்கு ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு?"

அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

பூங்காக் குளத்தில் விட்டுவிடச் சொன்னார் மாடி வீட்டுக்காரர். "கூடவே கூடாது. அங்க இருக்கற மீன், தவளை எல்லாத்தையும் இவன் காலி பண்ணிடுவான்," என்றார் அப்பா. கடைசியில் எனக்குத்தான் கண்ணாடிக்கடை மாமா ஞாபகம் வந்தது. நான் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடி அவர் கடையில் வாங்கியதுதான். அங்கே ஒரு பெரிய மீன்தொட்டி காலியாகக் கிடந்ததை நான் பார்த்திருந்தேன்.

மாமாவிடம் கேட்டோம். "எனக்கா? நிஜமாவா?" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

சனிக்கிழமை பொத்தானைக் கொண்டுபோய் விட்டோம். கூடவே பதினோரு பக்கத்துக்கு ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். எத்தனை மணிக்குச் சாப்பாடு, என்ன கீரை பிடிக்கும், எந்தக் கீரையைத் துப்புவான், தண்ணீர் எப்போது மாற்ற வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. கிளம்பும்போது பொத்தான் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டான். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்திருந்தால் வந்திருக்க மாட்டேன்.

ஆறு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, மாமா ஃபோன் பண்ணினார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"பாப்பா எழுதினது ஒண்ணு விடாம பண்றேங்க. எட்டாம் பக்கத்துல, சாப்பாடு போடறதுக்கு முன்னாடி மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிடணும்னு இருக்கு. கடையில ஆள் இருக்கும்போதே 'பொத்தான், பொத்தான், பொத்தான்'னு கூப்பிடறேன். நேத்து வந்த ஒருத்தர் குனிஞ்சு தன் சட்டையைப் பார்த்துக்கிட்டார். ஆனா இவன் மட்டும் அசைய மாட்டேங்கறான். ஆறு நாளா ஒரு வாய் சாப்பிடல. கண்ணைக்கூட முழுசாத் திறக்கறதில்ல. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பயத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பொத்தான் என்னைத் தேடுகிறான்! நான் இல்லாமல் அவனால் சாப்பிட முடியவில்லை!

அடுத்த நிமிடமே எனக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. ஒருவன் பட்டினி கிடக்கிறான், நான் அதற்குச் சந்தோஷப்படுகிறேன். இது என்ன குணம்?

"இப்பவே போலாம்ப்பா," என்றேன். "நான் ஊட்டினா சாப்பிடுவான்."

கடைக்குப் போனோம். உள்ளே நுழைந்ததுமே சிலுசிலுவென்று இருந்தது. கண்ணைப் பரிசோதிக்கும் மெஷின் சூடாகக் கூடாது என்று மாமா எப்போதும் ஏசியைப் போட்டு வைத்திருப்பார். மீன்தொட்டி பளபளவென்று துடைத்திருந்தது. தண்ணீருக்கு மேலே உட்கார ஒரு வழவழப்பான கல், கூழாங்கல், வடிகட்டி என்று ஒரு குறையும் இல்லை. எங்கள் நீலத் தொட்டியை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. பொத்தான் அடியில், மூலையில் கிடந்தான்.

"பொத்தான்," என்றேன். "நான்தான்டா."

அவன் அசையவில்லை. அவனுக்கு மிகவும் பிடித்த கீரையை மூக்குக்கு நேரே ஆட்டினேன். ஒரு கண்ணைப் பாதி திறந்தான். மறுபடியும் மூடிக்கொண்டான்.

"கண் பரிசோதனை பண்றவன் கடையிலேயே ஒருத்தன் கண்ணைத் திறக்காம உக்காந்திருக்கான்," என்றார் மாமா. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பாவம், அவர் முகமும் வாடித்தான் இருந்தது. விலங்கு டாக்டரிடம் திங்கட்கிழமை காலைக்கு நேரம் கேட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. என்னைத் தேடித்தான் சாப்பிடவில்லை என்றால், என்னைப் பார்த்ததும் சாப்பிட்டிருக்க வேண்டும் அல்லவா? சாப்பிடவில்லையே. அப்படியென்றால் என் மேல் கோபமா? ஆமைக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும்?

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. பொத்தானைப் பற்றித் தினமும் ஒரு வரி எழுதி வைப்பேன். மாமாவுக்குக் கொடுத்த குறிப்புகூட அதைப் பார்த்து எழுதியதுதான். சனிக்கிழமை காலையில் அதை எடுத்து வைத்துக்கொண்டு, பொத்தான் முன்பு எப்போதாவது சாப்பிடாமல் இருந்திருக்கிறானா என்று தேடினேன்.

இருந்திருக்கிறான்.

"இன்று செங்கல் மேல் ஏறவில்லை. பாதிச் சாப்பாடு மிச்சம். என்ன கோபமோ!" என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தேன். ஒரு வாரம் தள்ளி, "மறுபடியும் ஏறவில்லை. மறுபடியும் கோபம்." அதற்கும் ஒரு வாரம் தள்ளி, "பொத்தானுக்கும் திங்கட்கிழமை பிடிக்காது போல. என்னை மாதிரியே!"

நான் பக்கங்களை வேகமாகப் புரட்டினேன். திங்கள். திங்கள். திங்கள். மழை பெய்த வாரங்களிலெல்லாம் திங்கட்கிழமை மட்டும் பொத்தான் என்னை வழியனுப்பவில்லை.

எனக்குத் திங்கட்கிழமை பிடிக்காததற்குக் காரணம் இருக்கிறது. முதல் வகுப்பே கணக்கு. ஆமைக்கு என்ன? அதற்குக் கணக்கா, வீட்டுப்பாடமா?

"அம்மா, திங்கட்கிழமை நம்ம வீட்ல என்ன வித்தியாசமா நடக்கும்?"

"துணி மலையாக் குவியும்," என்றார் அம்மா. மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அதை விடு. வாண்டு எங்க? சத்தமே காணோம். அவன் சத்தம் போடலன்னா எனக்குப் பயமா இருக்கு."

பின்னறைக்கு ஓடினேன். நீலத் தொட்டி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் வாண்டு, சுவரில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

எனக்கு அவன் மேல் ஒரு வாரமாகக் கோபம். 'இடத்தைப் பிடுங்கினதோட இல்லாம அங்கயே தூக்கம் வேறயா?' என்று அவனைத் தூக்கினேன். சுவரில் ஒட்டியிருந்த கன்னம் சிவந்து, கதகதப்பாக இருந்தது. இன்னொரு கன்னம் சாதாரணமாகத்தான் இருந்தது.

இது என்ன?

சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. சுடும் அளவுக்கு இல்லை, இதமான சூடு. நான்கு அடி தள்ளி வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. மறுபடியும் தொட்டி இருந்த இடத்தில் வைத்தேன். சூடு.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் ரொட்டிக்கடை.

வாண்டுவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ரொட்டிக்கடைக்காரர் முழங்கை வரைக்கும் மாவாக நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க பின்னறைச் சுவருக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"அடுப்பு. ஏன், சுவர்ல கரி படியுதா? அடுத்த மாசம் வெள்ளை அடிச்சுக் கொடுத்துடறேன்னு அப்பாகிட்ட சொல்லு."

"கரியெல்லாம் இல்லண்ணே. அடுப்பு எந்நேரமும் எரியுமா?"

"விடியறதுக்கு முன்னாடி மூட்டுவேன். மத்தியானம் வரைக்கும் எரியும்."

"தினமுமா?"

"திங்கட்கிழமை கடைக்கு லீவு இல்ல? அன்னிக்கு அடுப்பும் தூங்கும், நானும் தூங்குவேன்."

எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

பொத்தான் காலையில் செங்கல் மேல் ஏறியது என்னை வழியனுப்ப இல்லை. ரொட்டி அடுப்பின் சூட்டில் குளிர்காய ஏறியிருக்கிறான். மழை இல்லாத திங்கட்கிழமைகளில் அடுப்பு தூங்கினாலும் அறையே சூடாக இருந்திருக்கும். ஆமைக்கு உடம்பில் சூடு ஏறினால்தான் பசி எடுக்கும் என்று நான் எங்கேயோ படித்திருந்தேன். படித்துவிட்டு, அது எங்கள் வீட்டு ஆமைக்கும் சேர்த்துத்தான் என்று யோசிக்காமல் இருந்துவிட்டேன்.

நான்கு வருடமாக, "போயிட்டு வரேன்டா" என்று ஒரு ரொட்டி அடுப்பின் ரசிகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேனா?

ரொட்டிக்கடைப் படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். ரொட்டிக்கடைக்காரர் பதறிப்போய், "அடுத்த மாசம் வேணாம், நாளைக்கே வெள்ளை அடிக்கறேன் கண்ணு!" என்றார்.

அழுது முடித்ததும் ஒரு கெட்ட யோசனையும் வந்தது. இதை யாரிடமும் சொல்லாவிட்டால்? பொத்தான் என்னைத் தேடித்தான் சாப்பிடவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளலாம். அந்த யோசனை எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்காதீர்கள். மூக்கைத் துடைத்துக்கொள்ளும் நேரம்தான். பாதி திறந்து மூடிய அந்தக் கண் ஞாபகம் வந்துவிட்டது.

"அப்பா!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன். "பொத்தானுக்குக் குளிருது!"

கடைக்குப் போனதும் முதலில் நிமிர்ந்து மேலே பார்த்தேன். மீன்தொட்டிக்கு நேர் மேலே ஏசி.

"மாமா, தொட்டியை ஏன் இங்க வெச்சீங்க?"

"என்ன பாப்பா இப்படிக் கேட்டுட்ட? கடையிலேயே நல்ல இடம் இதுதானே! முதல்ல அந்த ஜன்னல்கிட்டதான் இருந்தது. அங்க வெயில் படும். உன் பிள்ளை புழுக்கத்துல கஷ்டப்படக் கூடாதுன்னு நானும் கடைப் பையனுமா இங்க நகர்த்தினோம். என் நாற்காலிக்குக்கூட இந்தக் காத்து வராது." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "தப்புப் பண்ணிட்டேனா?"

"நீங்க இல்ல மாமா. நான்தான் எழுதாம விட்டுட்டேன்." பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியதை அவரிடம் சொன்னேன். சுவர், அடுப்பு, திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். வழியனுப்பும் கதையையும் சொன்னேன்.

மாமா உடனே விலங்கு டாக்டருக்கு ஃபோன் போட்டார். டாக்டர், "ஏசிக்குக் கீழயா?" என்று கேட்டது எங்களுக்கே கேட்டது. கல்லுக்கு மேலே ஒரு விளக்கைத் தொங்கவிடச் சொன்னார். சூடு வேண்டாமென்றால் விலகிப் போக நிழலும் இருக்க வேண்டுமாம். திங்கட்கிழமை எப்படியும் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

தண்ணீரை வாளி வாளியாக இறைத்து, தொட்டியைப் பழையபடி ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்தினோம். அப்பா மேசை விளக்கின் கழுத்தை வளைத்து, கல்லுக்கு மேலே ஆடாமல் அசையாமல் மாட்டினார். நான் கல்லில் கையை வைத்து வைத்துப் பார்த்தேன். எங்கள் சுவர் மாதிரி இதமாக வரும் வரைக்கும் விளக்கை ஏற்றி இறக்கச் சொன்னேன்.

"உங்க பொண்ணு லிஃப்டையே ரிப்பேர் பண்ணிடுவா போலிருக்கே," என்றார் மாமா அப்பாவிடம்.

அன்றைக்குப் பொத்தான் ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. விளக்கைப் போடுவதற்காகவே மாமா வந்து கடையைத் திறந்தார். பொத்தான் கல்லின் மேல் முன்னங்காலை மட்டும் வைத்தானாம்.

திங்கட்கிழமை காலையில் ஷூ மாட்டுவதற்கு முன் பின்னறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. நான் கண்டுபிடித்தது சரிதான். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கண்ணாடிக்கடைக்குப் போனேன். அம்மா வாண்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"வா வா வா!" என்றார் மாமா. "டாக்டர் பார்த்துட்டார். ஒரு குறையும் இல்லையாம். வந்ததும் மூணு கீரைத் துண்டு! இப்ப மறுபடியும் பசியாம். பாரேன்."

பொத்தான் விளக்குக்கு அடியில், கல்லின் மேல், நான்கு காலையும் நீட்டிப் போட்டுக்கொண்டு கிடந்தான். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. மாமா கீரையை நீட்டினார். பொத்தான் கழுத்தை எக்கி அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்த அதே பார்வைதான். கண்ணை ஒரு முறை மூடித் திறந்துவிட்டு, கீரையை லபக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பார்வை எனக்கு மட்டும்தான் என்று இருந்தேனே! ஆனால் அவன் தாடை ஆடுவதைப் பார்க்கப் பார்க்க, ஒன்பது நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. யார் கையில் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடுகிறவன் எங்கேயும் நன்றாகத்தான் இருப்பான். நான் அவனைக் கைவிட்டுவிடவில்லை.

மாமா என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். "என்ன இருந்தாலும் உன்னைத்தான் ரொம்பத் தேடிட்டான்," என்றார் மெல்ல.

"இல்ல மாமா. அவன் சூட்டைத்தான் தேடினான்." சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. "நான்தான் அவனைத் தேடினேன்."

"அதுக்கென்ன, தேடினப்பல்லாம் வந்து பாரு. கடை எங்கயும் ஓடிப் போகாது."

சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, வாசலுக்குப் போய் வாண்டுவைக் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை திரும்பிப் பார்த்தேன். பொத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. நிம்மதியாகச் சூடு காய்ந்துகொண்டிருந்தான்.